தோற்றாலும் ஒரு கார்டும் குறையாது

"அந்த கேம்ல கம்ப்யூட்டருக்கு மூளையே கிடையாதுடா. சின்ன வயசுல நமக்கு அது தெரியல, அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா மகன். போன வாரம் போனில் ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும் நேரத்தில் பேச்சு எப்படியோ போக்கிமான் ட்ரேடிங் கார்ட் கேமுக்குப் போய்விட்டது. அப்புறம் முக்கால் மணி நேரம் ஓடியது. அவர் சொன்னதற்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. மனசுக்குள் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போக்கிமான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புல்வெளியில் நடந்து, எதிர்ப்படும் பிராணியைப் பந்து எறிந்து பிடிக்கும் கேம். நான் சொல்வது அது இல்லை. ஜப்பானில் 1996 அக்டோபரில் காகித அட்டைகளாக ஒரு போக்கிமான் சீட்டாட்டம் வந்தது. அதை அப்படியே நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவியான கேம்பாய்க்குள் கொண்டுவந்தார்கள். ஹட்சன் சாஃப்ட் நிறுவனமும் க்ரீச்சர்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஜப்பானில் 1998 டிசம்பரில் வெளியானது, அமெரிக்காவுக்கு 2000 ஏப்ரலில் வந்தது. ஒரு சின்னத் தீவு. அதில் எட்டு கிளப்கள். ஒவ்வொரு கிளப்பிலும் சில ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு மேலே ஒரு மாஸ்டர். எட்டுப் பேரையும் ஜெயித்து எட்டு மெடல் வாங்கினால் போக்கிமான் டோமுக்குள் போகலாம். அங்கே நான்கு கிராண்ட் மாஸ்டர்கள் காத்திருப்பார்கள். நடுநடுவே ரோனால்ட் என்ற ஒருவன் வந்து வம்புக்கு இழுப்பான். கதை இவ்வளவுதான். உலகத்தை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. சீட்டாடி ஜெயித்தால் போதும்.

எங்களுக்கு இது கேம்பாயில் வரவில்லை. 2005 முழு ஆண்டு விடுமுறையில் மதுரையில் பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டரில் வந்தது. ஒரே சிடியில் நூற்றுக்கணக்கான பழைய கேம்களைப் போட்டு விற்ற காலம் அது. பட்டியலில் 'போக்கிமான்' என்று இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இதைத் திறந்ததும் முதலில் ஏமாற்றம்தான். நடந்துபோய் ஒருவரிடம் பேசினால் சண்டைக்குப் பதிலாகச் சீட்டு விரிகிறது. எனக்கு அப்போது பதினொரு வயது, அண்ணனுக்குப் பதினான்கு. மூடிவிடலாம் என்று நான் சொன்னேன். "இரு, ரம்மி மாதிரி ஏதோ இருக்கு" என்றார் அண்ணன்.

ரம்மி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருவிழா நாட்களில் திண்ணையில் பாய் விரித்து, பெரியவர்கள் விடிய விடிய ஆடுவார்கள். எங்களை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், கட்டைத் தொட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட எங்களுக்கு, டாக்டர் மேசன் என்ற பெரியவர் முதல் காட்சியிலேயே முழுசாக ஒரு கட்டைக் கையில் கொடுத்து, "இது உன்னுடையது, இதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்" என்கிற மாதிரி பேசினால் எப்படி இருக்கும்! சார்மாண்டர், ஸ்குவர்ட்டில், பல்பசோர் என்று மூன்று டெக் (சீட்டுக்கட்டு) காட்டுவார், ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எடுத்தது சார்மாண்டர். நெருப்பு வேண்டாம் என்று சொல்லும் பையன் உண்டா?

ஆட்டத்தின் விதி ஒரு டெக்குக்கு 60 கார்டு. அதில் போக்கிமான்கள், அவற்றுக்குச் சக்தி தரும் எனர்ஜி கார்டுகள், உதவிக்கு ட்ரெயினர் கார்டுகள். ஒரு போக்கிமான் முன்னால் நின்று அடிக்கும், மற்றவை பின்னால் பெஞ்சில் காத்திருக்கும். ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜிதான் பொருத்தலாம். எதிரியின் போக்கிமானை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் பரிசு கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பரிசு கார்டு முழுவதையும் எடுத்தால் வெற்றி. எதிரியின் பக்கம் போக்கிமானே இல்லாமல் போனாலும் வெற்றி. இதை எல்லாம் சாம் என்ற ஆள் ஆய்வுக்கூடத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. மீதியைத் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டோம்.

இந்தத் தோல்வியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. இந்த ஆட்டத்தில் தோற்றால் ஒன்றும் ஆகாது. கார்டு போகாது, காசு போகாது, ஏனென்றால் காசு என்ற ஒன்றே இதில் இல்லை. எதிரில் இருப்பவர் ஒரு வரி பேசுவார், மறுபடி போய்க் கேட்டால் மறுபடி ஆடுவார். நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். ஜெயித்தால் மட்டும் பாக்கெட் தருவார். பாக்கெட்டுக்குப் பத்து கார்டு. கொலோசியம், எவல்யூஷன், மிஸ்டரி, லேபரட்டரி என்று நான்கு வகை. யாரை ஜெயித்தால் எந்த வகை கிடைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒரு கார்டு வேண்டுமானால் அதற்கான வழி ஒன்றுதான்: அதைத் தரக்கூடிய ஆளைத் தேடிப்போய்த் திரும்பத் திரும்ப ஜெயிக்க வேண்டும். பெரியப்பாவின் பர்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது வரும் கார்டு கேம்களை ஆடுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 2024 அக்டோபரில் வந்த போக்கிமான் டிசிஜி பாக்கெட் என்ற மொபைல் கேமை நானும் சில மாதம் ஆடினேன். அழகான வேலைப்பாடு, மறுக்கவே முடியாது. கார்டைச் சாய்த்தால் படம் ஆழமாக விரியும். 20 கார்டுதான் டெக், பஸ்ஸில் போகும்போதே ஒரு ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அங்கே கார்டு பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் காத்திரு, அல்லது பணம் கட்டு. நன்றாக ஆடினேனா, மோசமாக ஆடினேனா என்பதற்கும் எனக்குக் கிடைக்கும் கார்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோய்விடுகிறது. பழைய ஆட்டத்தில் என் ஆல்பத்தில் இருந்த ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால் ஒரு ஆட்டம் இருந்தது. எனக்குக் கிடைத்த முதல் ஹிட்மான்சான் எந்த மாலையில், யாரை ஜெயித்து வந்தது என்று இப்போதும் சொல்ல முடியும்.

சரி, அண்ணனின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்கு மூளை இல்லை.

உண்மைதான். தேவையில்லாத போக்கிமானுக்கு எனர்ஜியைப் பொருத்திக்கொண்டிருக்கும். பெஞ்சில் வலுவான ஒன்று தயாராக நிற்க, முன்னால் சாகப்போகும் ஒன்றை வைத்துக்கொண்டே ஆடும். மனிதரோடு ஆடிப் பழகியவர்களுக்கு இது சலிக்கும். என் நண்பர்களில் நிஜக் கார்டு ஆடுபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு பக்கம், சிறுவயதில் ஆடிய யாரைக் கேட்டாலும் நேர்மாறாகச் சொல்வார்கள்: "மாஸ்டர்களுக்கு மட்டும் நல்ல சீட்டா வரும், கேம் ஏமாத்துது." எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. எனக்கு ஏழு கார்டில் ஒரே ஒரு போக்கிமானும் எனர்ஜியே இல்லாத கையும் வரும். மாஸ்டருக்கு ஒருநாளும் அப்படி வந்ததாகத் தெரியவில்லை. இது தோற்றவன் புலம்பல் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் சந்தேகம் சரிதான் என்று. இந்த கேமின் நிரலை ரசிகர்கள் வரிவரியாகப் பிரித்துப் படித்து எழுதி வைத்திருக்கிறார்கள். முக்கியமான எதிரிகளின் முதல் கையில் குறைந்தது இரண்டு அடிப்படைப் போக்கிமானும் இரண்டு எனர்ஜியும் இருக்கும்படி கட்டை அடுக்கித் தருவதற்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. அடுத்து வரும் சில கார்டுகளையும் அது பார்த்துக்கொள்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பதினொரு வயதில் நான் சொன்னது பொய்யில்லை! அப்புறம் யோசித்துப் பார்த்ததில், செய்தவர்கள் மேல் மரியாதைதான் கூடியது. ஒரு மாஸ்டரைச் சந்திக்க மூன்று நாள் பாடுபட்டு வருகிறான் ஒரு பையன். அந்த மாஸ்டருக்கு மோசமான கை வந்து இரண்டாவது டர்னிலேயே ஆட்டம் முடிந்தால் அதில் என்ன வெற்றி? யோசிக்கத் தெரியாத எதிரிக்கு நல்ல கையாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். மூளைக்குப் பதில் கை. அந்தச் சின்னக் கேம்பாய்க்குள் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த புகார் நாணயம். இந்த ஆட்டத்தைக் குறை சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் பூவா தலையா. அடி கூடுமா, எதிரி மரத்துப்போவானா, தூங்குவானா, எல்லாவற்றுக்கும் ஒரு சுண்டு. திரையில் அந்த நாணயம் சுழன்று விழும் நேரத்தில் மூச்சு நிற்கும். திறமைக்கு இடமே இல்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏமியிடம் தோற்ற அந்த மத்தியானம் வரை.

ஏமி தண்ணீர் கிளப்பின் மாஸ்டர். நீச்சல்குளத்தின் பக்கத்தில் எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். ஆனால் அவள் டெக் தூங்காது. அதில் பிளாஸ்டாய்ஸ் இருக்கிறது. ஒரு டர்னுக்கு ஒரு எனர்ஜி என்ற விதியையே அது உடைத்துவிடும். ரெய்ன் டான்ஸ் என்ற திறனால் கையில் இருக்கும் தண்ணீர் எனர்ஜியை எல்லாம் ஒரே டர்னில் பொருத்தலாம். நீங்கள் மூன்று டர்ன் சேர்த்து வைத்ததை அவள் ஒரே மூச்சில் தாண்டிவிடுவாள். அப்புறம் ஹைட்ரோ பம்ப். எனர்ஜி கூடுதலாக இருந்தால் 60 அடி.

நிலவரம் இதுதான். அவள் முன்னால் பிளாஸ்டாய்ஸ், முழு ஹெச்பி (அது தாங்கும் அடி) 100. பெஞ்சில் ஒரு குட்டி ஸ்குவர்ட்டில், ஹெச்பி 40. என் பக்கம் எலெக்டபஸ் என்ற மின்சாரப் போக்கிமான் மட்டும், பெஞ்சில் யாரும் இல்லை. அதன் 70 ஹெச்பியில் 10 ஏற்கெனவே போயிருந்தது. எனக்கு எடுக்க வேண்டியது ஒரே ஒரு பரிசு கார்டு. எலெக்டபஸ்ஸின் தண்டர்பஞ்ச் அடி 30. நாணயம் தலை விழுந்தால் 40. பூ விழுந்தால் 30-தான், அதோடு தனக்கே 10 அடித்துக்கொள்ளும். தண்ணீர்ப் போக்கிமான் மின்சாரத்துக்குப் பலவீனம், அதனால் அடி இரட்டிப்பாகும். கையில் இரண்டு பிளஸ்பவர். ஒவ்வொன்றும் கூடுதலாக 10. தலை விழுந்தால் எண்பதும் இருபதும் நூறு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு பிளஸ்பவரையும் போட்டேன். தண்டர்பஞ்ச். நாணயம் சுழன்றது.

பூ.

பிளாஸ்டாய்ஸ் 20 ஹெச்பியோடு நின்றது. அவள் திருப்பி அடித்தாள். எலெக்டபஸ் போனது, பெஞ்சில் யாரும் இல்லை, ஆட்டம் முடிந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "இதெல்லாம் ஒரு கேமா, காசு சுண்டறதுக்கு எதுக்கு இவ்வளவு சீட்டு?" என்று கத்தினேன். பின்னால் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. "உன் கையில இன்னொரு கார்டு இருந்துச்சே, அது என்ன?" என்றார்.

கஸ்ட் ஆஃப் விண்ட். எதிரியின் பெஞ்சில் இருக்கும் எந்தப் போக்கிமானையும் முன்னால் இழுத்து நிறுத்தும் கார்டு. ஸ்குவர்ட்டிலை இழுத்திருக்கலாம். அதுவும் மின்சாரத்துக்குப் பலவீனம். பூ விழுந்தாலும் 60 அடி, அதனிடம் இருந்ததோ 40. பிளஸ்பவரே வேண்டாம். நாணயம் எப்படி விழுந்திருந்தாலும் கடைசிப் பரிசு கார்டு எனக்குத்தான்.

அந்த நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரியப்பா வீட்டு மின்விசிறிச் சத்தம், திரையில் தோல்வி இசை. நாணயம் என்னை ஏமாற்றவில்லை. நாணயத்தைக் கேட்காமலே ஜெயிக்கும் வழி என் கையில் இருந்தது, நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இந்த ஆட்டத்தில் நாணயம் சுண்டும் முன் ஒவ்வொரு முறையும் கையை முழுசாக ஒருமுறை பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. எல்லாத் தோல்வியும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனர்ஜியே வராமல் பத்து டர்ன் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்டங்கள் எனக்கும் உண்டு. ஆனால் அதுகூடப் பாதி நம் கையில்தான்: டெக்கில் எனர்ஜி எத்தனை, கார்டு இழுக்க உதவும் பில் எத்தனை, ப்ரொஃபஸர் ஓக் எத்தனை என்பதை முடிவு செய்தது யார்?

இப்படித்தான் எங்கள் விடுமுறை ஆட்டம் திரையில் இருந்து நோட்டுக்கு நகர்ந்தது. ஒருவர் ஆடும்போது மற்றவருக்குக் கம்ப்யூட்டர் கிடைக்காதே. அந்த நேரத்தில் கோடு போட்ட லாங்சைஸ் நோட்டில் டெக் எழுதுவோம். இடப்பக்கம் போக்கிமான், வலப்பக்கம் ட்ரெயினர், அடியில் எனர்ஜி, கூட்டினால் 60 வர வேண்டும். எப்போதும் 63 வரும். மூன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரவு சாப்பாட்டு நேரமே போகும். சாப்பிட்டுக்கொண்டே வாதாடுவோம், பெரியம்மா இரண்டு பேர் தலையிலும் குட்டு வைப்பார்கள்.

எனக்கு நன்றாகப் புரிந்த ஒன்று, இந்த கேமின் உண்மையான ஆட்டம் அந்த 60 கார்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. எதிரியோடு ஆடுவது அதற்கு வைக்கும் பரீட்சை. பரீட்சை வைப்பவர் மேதையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமைசாலியாக, கேட்டபோதெல்லாம் ஆடுபவராக இருந்தால் போதும். நிஜ மனிதர்களோடு ஆடும்போது புது டெக்கைச் சோதிக்கக் கூச்சமாக இருக்கும். தோற்றால் வரிசையில் பெயர் இறங்கும், எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்வார். எனவே ஊரே ஜெயிக்கும் டெக்கைத்தான் எல்லோரும் எடுப்போம். இந்தத் தீவில் பைத்தியக்கார யோசனைகளுக்கு இடம் உண்டு. அண்ணன் ஒருமுறை போக்கிமானே நான்கைந்துதான் வைத்து மீதியெல்லாம் ட்ரெயினராக ஒரு டெக் போட்டார். பதினேழு தடவை தோற்றார். பதினெட்டாவது தடவை ஜெயித்தபோது தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

இங்கேதான் ஹேமேக்கர் என்ற டெக் பற்றிய சண்டை வருகிறது. ஹிட்மான்சான், எலெக்டபஸ், ஸ்கைதர். மூன்றும் பரிணாமம் தேவையில்லாத அடிப்படைப் போக்கிமான்கள், மூன்றுக்கும் ஹெச்பி 70. ஹிட்மான்சான் ஒரே எனர்ஜியில் முதல் டர்னிலேயே 20 அடிக்கும். ஸ்கைதர் பின்வாங்க எனர்ஜி செலவே இல்லை. இவற்றோடு எதிரியின் எனர்ஜியைப் பிடுங்கும் எனர்ஜி ரிமூவல் கார்டுகளைச் சேர்த்தால் முடிந்தது. ஆரம்ப காலக் காகித ஆட்டத்தில் உலகமே இதைத்தான் ஆடியது. இந்த கேமிலும் இதை வைத்துத் தீவை ஒரே வீச்சில் சுருட்டிவிடலாம். "அப்புறம் என்ன ஆட்டம், மத்த கார்டெல்லாம் அழகுக்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாரிசார்டைப் பாருங்கள். எல்லோருக்கும் பிடித்த கார்டு. அதன் முதல் பதிப்புக் காகிதக் கார்டு ஒன்று 2022-ல் ஏலத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆட்டத்தில் அதை வைத்து ஜெயிக்க என்ன பாடு! முதலில் சார்மாண்டர், அது சார்மிலியன் ஆக வேண்டும், அப்புறம் சாரிசார்ட், நான்கு எனர்ஜி, ஃபயர் ஸ்பின் 100 அடி. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு எனர்ஜியைத் தூக்கிப் போட வேண்டும். அது எழுந்து நிற்பதற்குள் ஹிட்மான்சான் உங்கள் சார்மாண்டரைப் படுக்க வைத்திருக்கும். சமநிலை என்று பார்த்தால் இது குறைதான். காகித ஆட்டத்திலேயே இருந்த குறை, இங்கே அப்படியே வந்திருக்கிறது.

ஆனால் தனியாக ஆடும் ஆட்டத்தில் அந்தக் குறைக்கு மருந்து ஆடுபவர் கையில் இருக்கிறது. ஹேமேக்கர் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் போயிற்று. எனக்குத் தெரிந்து இருபது வருடமாக இந்த கேமை விடாமல் ஆடுபவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நோன்பு வைத்திருக்கிறார்கள். ஒரே நிறப் போக்கிமான் மட்டும். அல்லது முழுப் பரிணாமம் அடைந்ததை வைத்து மட்டும் கடைசி அடி. எங்களுக்கு அப்போது அண்ணன் போட்ட ஒரே சட்டம், ஆட்டத்தின் நடுவே எமுலேட்டரில் (கேம்பாய் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) சேமிக்கக் கூடாது. ஷிஃப்ட்டும் எஃப்1-ம் அழுத்தினால் அந்த நொடி பதிவாகிவிடும், நாணயம் பூ விழுந்தால் திரும்பிப் போகலாம். அது கண்ணெதிரே இருந்தும் தொடாமல் இருந்தோம். அந்த கேமே அதைத்தான் எதிர்பார்க்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. கேம்பாயில் தோற்கப்போகிறோம் என்று அணைத்துவிட்டு மறுபடி போட்டால், விட்ட ஆட்டத்தைத் தொடர்வதற்கென்றே முதல் திரையில் ஒரு வரி காத்திருக்கும்.

எனக்கு இருக்கும் குறைகளையும் எழுத வேண்டும். டெக் மாற்றும் திரை மிகவும் மெதுவானது. நான்கு டெக்தான் வைத்துக்கொள்ளலாம். ஒரு டெக்கில் இருக்கும் கார்டை இன்னொன்றில் போட வேண்டுமானால் முதலில் அதை அங்கிருந்து எடுக்க வேண்டும். எந்தக் கார்டு எங்கே போனது என்று தேடியே நேரம் போகும். நோட்டு எங்களுக்குத் தேவைப்பட்டதற்கு இதுவும் காரணம். வேண்டாத கார்டு மலைபோல் குவியும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டோமை ஜெயித்த பிறகு தீவில் புதிதாக நடக்கும் விஷயம் குறைவு. இரண்டாம் பாகம் 2001-ல் வந்தது, கார்டுகளும் தீவும் பெரிசு, ஆனால் ஜப்பானைத் தாண்டவே இல்லை. ரசிகர்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் அதை ஆட முடிந்தது. அந்த மனிதர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம் ஏக்கமாகவே நிற்கிறது. ஆல்பத்தில் மொத்தம் 226 கார்டு. அது போக மறைவாக இரண்டு: ஒரு வீனசோர், ஒரு மியூ. இவை எந்தப் பாக்கெட்டிலும் வராது, யாரை ஜெயித்தாலும் கிடைக்காது. இரண்டு கேம்பாய் கலர்களை எதிரெதிரே வைத்து, அவற்றின் அகச்சிவப்புக் கதிர் வழியே 'கார்டு பாப்' செய்தால், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். தனியாக ஆடும் ஆட்டம், ஆனால் தனி ஆளாக அதை முழுசாக முடிக்கவே முடியாது. எங்களிடம் கேம்பாய் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு இடையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர்தான்.

கம்ப்யூட்டரில் இருப்பதால் மட்டுமே முடிகிற கார்டுகளும் இதில் உண்டு, அவற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காகிதத்தில் இருந்த டிட்டோ, எலெக்ட்ரோட் கார்டுகளின் திறன் சிக்கலானது. அவற்றை விட்டுவிட்டு வேறு திறனோடு புதிதாகச் செய்தார்கள். இந்த டிட்டோ உங்கள் டெக்கில் இருக்கும் ஏதோ ஒரு அடிப்படைப் போக்கிமானாக மாறிவிடும். எதுவாக என்பதை கேம்தான் குலுக்கிப் போட்டுச் சொல்லும். கிராண்ட் மாஸ்டர்களை ஜெயித்தால் கிடைக்கும் சாப்டோஸ் இன்னும் மோசம். பிக் தண்டர் 70 அடி. ஆனால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது, எதிரியின் பக்கமும் விழலாம், உங்கள் பெஞ்சிலும் விழலாம். என் பிளாஸ்டாய்ஸ் மேல் அது விழுந்தபோது நான் ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமகுனி என்ற கறுப்பு உடைக்காரர் அவ்வப்போது கிளப்களில் தோன்றுவார். ஜப்பானில் நிஜமாகவே இருக்கும் இசைக்கலைஞர் அவர். அவர் பெயரில் ஒரு கார்டு. போட்டால் உங்கள் சொந்தப் போக்கிமானே குழம்பிப்போகும். எதற்கு ஒரு மனிதர் அதை டெக்கில் வைப்பார்? அவர் வைத்திருப்பார், போடவும் செய்வார். அந்தத் தீவில் இருப்பவர்கள் ஜெயிப்பதற்காக மட்டும் ஆடவில்லை என்று எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

இசையையும் சொல்லாமல் விட முடியாது. இச்சிரோ ஷிமாகுரா அமைத்தது. அந்தச் சின்ன ஒலிப்பெட்டியில் இருந்து மாஸ்டரோடு ஆடும்போது வரும் துள்ளல் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

2023 ஆகஸ்ட் 8 அன்று இது, ஸ்விட்ச் கருவியில் பழைய கேம்களை ஆட விடும் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனில் வந்தது. அன்றிரவே ஆரம்பித்துவிட்டேன். பதினெட்டு வருடம் கழித்து, எல்லாம் தெரிந்த பெரிய மனுஷனாக. அண்ணன் சொல்வது சரிதான், எதிரிகள் எளிதாகத்தான் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். நான் முடிக்கவில்லை. இந்த முறை ஸ்குவர்ட்டில் எடுத்தேன். ஏமியின் ரெய்ன் டான்ஸை நானே கட்ட வேண்டும் என்று ஆசை. பிளாஸ்டாய்ஸ் கிடைக்க வேண்டும், அதற்குப் பாக்கெட் வேண்டும், அதற்கு ஆட்டம் வேண்டும். வேலை முடிந்து வந்து இரவு ஒன்றிரண்டு ஆட்டம். சில நாள் ஆடாமலே டெக் திரையில் உட்கார்ந்து கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்பாள். ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

போனில் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. "மூளை இல்லாட்டி என்னண்ணா, நமக்கு இருக்குல்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "பசங்க ஸ்விட்ச்ல இருக்கா அது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாள், அண்ணனின் சாய்ந்த கையெழுத்து. இடப்பக்கம் போக்கிமான், வலப்பக்கம் ட்ரெயினர், அடியில் எனர்ஜி 26. கீழே ஒரு வரி: "பல்பசோர் எடுத்திருக்கேன். எனர்ஜி ஜாஸ்தியா?"

கூட்டிப் பார்த்தேன். 63 இருக்கிறது.